வீட்டுக்கொரு சர்வர்: பணத்தை எதில் போடுவது?

நிக்காஹ் வீடியோ, பிள்ளைகளின் படங்கள், பத்திரங்களின் ஸ்கேன் எல்லாம் நம் வீட்டுக் கைப்பேசிகளில் சிதறிக் கிடக்கின்றன. அவற்றை ஒரே இடத்தில் சேர்த்து, டிவியிலும் பார்க்க வீட்டிலேயே ஒரு சிறு சர்வர் வைத்துக்கொள்ளலாம்.

இதற்குப் புதுக் கணினி வேண்டியதில்லை. அலுவலகங்கள் கழித்துவிடும் டெஸ்க்டாப்பில் இன்டெல் 7ஆம் தலைமுறை ஐ3, 8 ஜிபி ரேம் இருந்தாலே போதும். அதிலுள்ள குவிக் சிங்க் வசதி வீடியோவை டிவிக்கு ஏற்றபடி மாற்றித் தரும். தனி கிராபிக்ஸ் கார்டு வீண் செலவு. ஓப்பன் மீடியா வால்ட், ஜெல்லிஃபின் மென்பொருள்கள் இலவசம்.

மிச்சமாகும் பணத்தை ஹார்டு டிஸ்க்கில் போடுவோம். 4 டிபி அளவில் இரண்டு, புதியவையாக. பழையது எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். சிஎம்ஆர் வகைதானா என்று பார்த்து வாங்குங்கள். எஸ்எம்ஆர் வகை, தொடர்ந்து நிறைய எழுதும்போது தடுமாறும். பெட்டிக்குள் இரண்டு டிஸ்க்குக்கு இடம் இருக்கிறதா என்பதையும் முதலிலேயே பார்த்துவிட வேண்டும். ஒல்லியான பெட்டிகளில் பெரும்பாலும் இருக்காது.

இரண்டையும் ரெய்டு 1 முறையில் இணைத்தால், ஒன்று பழுதானாலும் மற்றதில் எல்லாம் இருக்கும். ஆனால் பிள்ளைகள் தெரியாமல் ஒரு ஆல்பத்தை அழித்துவிட்டால் இரண்டிலுமே அழிந்துவிடும். ஆகவே மாதம் ஒருமுறை யூஎஸ்பி டிஸ்க் ஒன்றில் நகலெடுத்து, உம்மா வீட்டு அலமாரியில் வைத்துவிடுங்கள்.