பன்னிரண்டு மில்லிமீட்டர் இரும்பும் ஐந்து ரிவர்ஸ் கியரும்

தீபாவளி லீவுக்கு ஊருக்குப் போயிருந்தேன். சித்தி பையன் என்னைப் பிடித்து உட்கார வைத்து, அவன் புதிதாக ஆடிக்கொண்டிருக்கும் டாங்கிச் சண்டை விளையாட்டைக் காட்டினான். பயல் வைத்திருந்தது டாங்கி கூட இல்லை, சக்கரம் வைத்த ஒரு சின்ன ஸ்கவுட் கார். ஆட்டம் ஆரம்பித்ததும் நேராக மைதானத்தின் நடுவே பாய்வான். எதிரில் வரும் பெரிய டாங்கி மேல் இரண்டு குண்டு போடுவான். அது திருப்பி ஒன்றே ஒன்று போடும். அவ்வளவுதான், கரும்புகை. "அண்ணா, இந்த வண்டி சுத்த வேஸ்ட்ணா" என்றான். சரி கொடு பார்ப்போம் என்று நானும் வாங்கி ஆடினேன். அவனாவது ஒரு நிமிஷம் தாங்கினான், நான் நாற்பது வினாடி :-)

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. இவ்வளவு சுலபமாகச் சாகிற வண்டியில் நிஜ யுத்தத்தில் ஏன் ஆளை உட்கார வைத்தார்கள்? அந்தக் கேள்விக்கு விடை தேடப் போய்தான் இந்தக் கட்டுரை. நான் படிப்பது பி.காம். எனக்கும் டாங்கிக்கும் உள்ள ஒரே சம்பந்தம் வீட்டு மொட்டை மாடியில் இருக்கும் தண்ணீர் டாங்கிதான். ஆகவே ராணுவ விஷயம் தெரிந்தவர்கள் பொறுத்தருள்க.

முதலில் கணக்கு. இரண்டாம் உலகப்போர் தொடங்கியபோது எகிப்தில் இருந்த பிரிட்டிஷ் படையிடம் இருந்தவை ரோல்ஸ் ராய்ஸ் கவச வண்டிகள். ஆமாம், அதே ரோல்ஸ் ராய்ஸ்தான். முதல் உலகப்போரில் லாரன்ஸ் அரேபியப் பாலைவனத்தில் ஓட்டிய வண்டிகளின் வாரிசுகள், 1924-ம் வருஷத்து மாடல். அதிகபட்ச இரும்புத் தகடு 12 மி.மீ. கனம். ஒரு ஸ்கேலை எடுத்துப் பாருங்கள், உங்கள் சுண்டுவிரல் அகலம் இருக்கும். அது சாதாரண துப்பாக்கிக் குண்டைத் தடுக்கும். அதற்கு மேல் எது வந்தாலும் உள்ளே வந்துவிடும். இத்தாலியர்களிடம் இருந்த 47 மி.மீ. பீரங்கிக்கு முன்னால் அந்தத் தகடு அப்பளம்.

இந்த வண்டிகளை ஓட்டியவர்கள் 11-வது ஹுஸார் படைப்பிரிவினர். இவர்களுடைய பழைய கதையைச் சொன்னால்தான் புதிய கதை புரியும். 1854-ல் கிரிமியாவில், பாலக்ளாவா என்ற இடத்தில், ரஷ்ய பீரங்கிகளுக்கு நேர் எதிரே குதிரையில் பாய்ந்து செத்தார்களே ஒரு லைட் பிரிகேட், அதில் 11-வது ஹுஸாரும் உண்டு. கட்டளையைத் தவறாகப் புரிந்துகொண்டு நடந்த வேலை அது. வீரம் என்று உலகமே கொண்டாடியது. பலன் என்று பார்த்தால் பூஜ்யம். சித்தி பையன் மைதானத்தின் நடுவே பாய்கிறானே, ஏறக்குறைய அதேதான்.

அதே படைப்பிரிவிடம் 1928-ல் குதிரைகளை வாங்கிக்கொண்டு கவச வண்டிகளைக் கொடுத்தார்கள். 1930-களின் நடுவிலேயே எகிப்துக்கு வந்துவிட்டார்கள். யுத்தம் தொடங்குவதற்குள் பாலைவனம் அவர்களுக்கு வீட்டுக் கொல்லை மாதிரி. சூரியனை வைத்துத் திசை பார்ப்பது, மணலில் டயர்த் தடத்தைப் பார்த்துப் போன வண்டி எது, எப்போது போனது என்று கணிப்பது எல்லாம் அத்துபடி. நடுப்பகலில் கானல் கிளம்பிவிடும், தூரத்தில் நிற்பது ஒட்டகமா டாங்கியா என்றே தெரியாது. ஆகவே உருப்படியாகப் பார்ப்பதற்குக் காலையும் மாலையும்தான். வண்டியை மேட்டுக்குப் பின்னால் நிறுத்தி, தலை மட்டும் வெளியே தெரியும்படி வைத்துக்கொண்டு, பைனாகுலரும் கையுமாக மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பார்கள். பார்த்ததை ரேடியோவில் சொல்வார்கள். சினிமா எடுத்தால் ஒருத்தரும் டிக்கெட் வாங்க மாட்டார்கள்.

1940 ஜூன் 10 அன்று இத்தாலி போர் அறிவித்தது. மறுநாள் இரவே 11-வது ஹுஸார் லிபிய எல்லையின் முள்கம்பி வேலியைத் தாண்டி உள்ளே போய்விட்டார்கள். ஒரே வாரத்துக்குள் மடலேனா என்ற எல்லைக் கோட்டை அவர்கள் கையில். அதைவிடச் சுவாரசியம், அந்த மாதத்திலேயே பார்டியாவுக்கும் டோப்ருக்குக்கும் இடையிலான சாலையில் பதுங்கி நின்றபோது நடந்தது. கவலையில்லாமல் காரில் வந்த ஒரு இத்தாலிய ஜெனரலை அப்படியே பிடித்துவிட்டார்கள். லாஸ்துச்சி என்று பெயர், இத்தாலியப் பத்தாவது சேனையின் தலைமைப் பொறியாளர். தன் எல்லைக்குள் இவ்வளவு தூரத்தில் எதிரி வண்டி நிற்கும் என்று பாவம் அவர் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்.

நெஸுவெத் கிர்பா என்ற இடத்தில் நடந்தது இன்னொரு நல்ல பாடம். சிறு டாங்கிகளும் லாரிகளுமாக ஒரு இத்தாலிய அணி திறந்த வெளியில் வருவதை ஹுஸார் வண்டிகள் பார்த்துவிட்டன. எண்ணிக்கையில் இவர்கள் ரொம்பக் குறைவு. பாலக்ளாவா தாத்தாக்களாக இருந்தால் பாய்ந்திருப்பார்கள். பேரன்கள் ரேடியோவை எடுத்தார்கள். பின்னாலிருந்து டாங்கிகளும் பீரங்கிகளும் வந்து சேரும் வரை எதிரியை விட்டு விலகவும் இல்லை, ஒரேயடியாக மாட்டிக்கொள்ளவும் இல்லை. இத்தாலியர்கள் பழைய காலத்து நெப்போலியன் யுத்தம் மாதிரி சதுரமாக வியூகம் அமைத்து நின்றார்கள் (நிஜமாகவே!). பெரிய டாங்கிகள் வந்ததும் அந்தச் சதுரம் நொறுங்கியது. அணியின் தலைவர் கர்னல் தவான்சோ கொல்லப்பட்டார்.

இதைப் படித்தபோதுதான் எனக்கு மண்டையில் உறைத்தது. ஒரு கம்பெனியில் ஆடிட்டர் எதையும் உற்பத்தி செய்வதில்லை, எதையும் விற்பதும் இல்லை. அவர் பார்க்கிறார், எழுதிக் கொடுக்கிறார். அதை வைத்து மற்றவர்கள் லட்சக்கணக்கில் முடிவெடுக்கிறார்கள். அவரைப் போய் கவுண்டரில் சோப்பு விற்கச் சொன்னால்? நாங்கள் அந்த ஸ்கவுட் காரை வைத்துச் செய்தது அதைத்தான்.

சரி, கதைக்கு வருவோம். 1940 செப்டம்பரில் இத்தாலிய மார்ஷல் கிராட்ஸியானி பெரும் சேனையோடு எகிப்துக்குள் நுழைந்து சிதி பர்ரானி வரை வந்து நின்றார். வந்தவர் அங்கே வரிசையாகக் கோட்டை மாதிரி முகாம்கள் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நிபேவா முகாமுக்கும் அதற்குத் தெற்கே இருந்த ராபியா முகாமுக்கும் நடுவில் இருபது கிலோமீட்டருக்கும் மேல் வெறும் பாலைவனம். ஒரு முகாம் இன்னொன்றுக்கு உதவிக்கு வர முடியாத தூரம். பிரிட்டிஷ் ரோந்து வண்டிகள் அந்த இடைவெளியை மோப்பம் பிடித்தன. பிடித்ததோடு நிற்காமல், வாரக்கணக்கில் அங்கேயே சுற்றிச் சுற்றி வந்து, இத்தாலிய ரோந்துகளை அந்தப் பக்கம் எட்டிப் பார்க்க விடாமல் செய்தன. தான் பார்ப்பது பாதி வேலை என்றால் எதிரியைப் பார்க்க விடாமல் செய்வது மீதி வேலை.

டிசம்பர் 8 இரவு அந்த இடைவெளி வழியாகத்தான் 4-வது இந்தியப் படைப்பிரிவும் கனமான மட்டில்டா டாங்கிகளும் ஊர்ந்து போயின. மறுநாள் விடிந்ததும் நிபேவா முகாமைப் பின்பக்கமாகத் தாக்கினார்கள். தளபதி மலெட்டி சண்டையிலேயே இறந்தார். அடுத்தடுத்த முகாம்களும் விழுந்தன. சரித்திரப் புத்தகங்களில் பெயர் வாங்கியது மட்டில்டா. வாங்கட்டும், அதற்குத் தகுதி உண்டு. ஆனால் எந்தப் பக்கம் கதவு திறந்திருக்கிறது என்று சொன்னது வேறு வண்டி.

உச்சக்கட்டம் 1941 பிப்ரவரியில். இத்தாலியர்கள் பெங்காசியைக் காலி செய்துகொண்டு கடற்கரைச் சாலை வழியாக ஓட ஆரம்பித்துவிட்டார்கள். அவர்களை மறிக்க வேண்டுமானால் பாலைவனத்தைக் குறுக்கே கடந்து முன்னால் போய் நிற்க வேண்டும். பாதை என்று ஒன்று கிடையாது, எங்கு பார்த்தாலும் பாறை. டாங்கிகள் திணறின. ஜெனரல் ஓ'மூர் கிரே ஒரு முடிவெடுத்தார்: டாங்கிகளுக்காகக் காத்திருக்க வேண்டாம், சக்கர வண்டிகள் எல்லாம் முன்னால் போங்கள். 11-வது ஹுஸாரின் தலைவர் ஜான் கூம் தலைமையில் கவச வண்டிகள், காலாட்படை, சில பீரங்கிகள், எல்லாம் சேர்த்து சுமார் 2,000 பேர். பிப்ரவரி 5 மதியம் பேடா ஃபோம்முக்குத் தெற்கே சாலையைப் போய்ப் பிடித்தார்கள். கொஞ்ச நேரத்தில் முதல் இத்தாலிய லாரிகள் எதிரே வந்து நின்றன! கொஞ்சம் தாமதித்திருந்தால் பறவை பறந்திருக்கும்.

இங்கே ஒன்றை மறைக்கக் கூடாது. அந்த இரண்டு நாள் சண்டையில் சாலையைத் தாங்கிப் பிடித்தது கவச வண்டிகளின் தகடு அல்ல. லாரிகளின் முதுகில் ஏற்றிக்கொண்டு வந்த டாங்கி எதிர்ப்பு பீரங்கிகளும், காலாட்படையும், மாலையில் பக்கவாட்டில் வந்து சேர்ந்த டாங்கிகளும்தான். எதிரியிடம் நூறு டாங்கிகளுக்கு மேல் இருந்தன. கவச வண்டிகள் தனியாக நின்றிருந்தால் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் நடந்ததேதான் அங்கும் நடந்திருக்கும். பிப்ரவரி 7 காலை பத்தாவது சேனை சரணடைந்தது. பேடா ஃபோம்மில் மட்டும் கைதிகள் ஏறக்குறைய 25,000 பேர்.

ஆனால் இந்த வேலைக்கு விலை உண்டு. திறந்த பாலைவனத்தில் ஓடும் வண்டி புழுதியைக் கிளப்பும், மேலே பறக்கும் விமானத்துக்கு அது அம்புக்குறி. தனியாக, வெகு தூரத்தில் நிற்கும் வண்டி அடிபட்டால் காப்பாற்ற ஆள் வரவும் நேரமாகும். இத்தாலிய விமானங்களிடம் ஹுஸார்கள் நிறையவே அடி வாங்கினார்கள்.

இந்த அனுபவத்தின் சாரத்தையெல்லாம் பிழிந்து இரும்பில் வார்த்த மாதிரி ஒரு வண்டி உண்டு. டைம்லர் கம்பெனியின் டிங்கோ. அது இந்தச் சண்டைகளுக்கு முன்பே, 1938-39-லேயே பிறந்துவிட்டது என்பதுதான் ஆச்சரியம். யாரோ ஒரு இன்ஜினியர் சரியாக யோசித்திருக்கிறார். இரண்டே பேர். எடை சுமார் மூன்று டன். உயரம் ஐந்தடி, அதாவது நான் பக்கத்தில் நின்றால் என் தோளுக்குத்தான் வரும். முன்பக்கம் மட்டும் 30 மி.மீ. தகடு. ஆயுதம் ஒரே ஒரு பிரென் இயந்திரத் துப்பாக்கி. மணிக்குச் சுமார் 90 கிலோமீட்டர் வேகம். இதெல்லாம் சரிதான், எனக்குப் பிடித்தது கியர் பெட்டி. முன்னால் போக ஐந்து கியர், பின்னால் போகவும் அதே ஐந்து! ஓட்டுநர் தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்துக்கொண்டே ரிவர்ஸில் பறக்க வசதியாக, அவர் இருக்கையையே கொஞ்சம் சாய்வாகத் திருப்பி வைத்திருந்தார்கள். எதிரியைப் பார்த்ததும் வண்டியைத் திருப்ப வேண்டாம், கனமான முன்பக்கத்தை அவன் பக்கமே காட்டிக்கொண்டு வந்த வழியே மறைந்துவிடலாம். ஓடுவதை அவமானமாக நினைத்திருந்தால் இப்படி ஒரு கியர் பெட்டி வந்திருக்குமா?

6,626 டிங்கோக்கள் செய்தார்கள். இத்தாலியர்கள் இதைப் பார்த்து அச்சு அசலாக லான்சியா லின்ச்சே என்று ஒன்று செய்துகொண்டார்கள். எதிரியே காப்பி அடித்தான் என்றால் இதைவிட நல்ல சான்றிதழ் வேண்டுமா? ஜெர்மானியர்களும் இதே முடிவுக்குத்தான் வந்திருந்தார்கள். அவர்களுடைய எட்டுச் சக்கர வண்டியில் பின்பக்கமும் ஒரு ஓட்டுநர் உட்கார்ந்திருப்பார், ஆபத்து என்றால் அவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்வார்.

அமெரிக்கர்களின் கிரேஹவுண்டில் 37 மி.மீ. பீரங்கி வைத்தார்கள், ஆனால் அடித்தகடு மெலிசு. கண்ணிவெடிக்குப் பயந்து வீரர்கள் உள்ளே தரையில் மணல் மூட்டை அடுக்கிக்கொண்டார்கள். பீரங்கி கையில் இருந்தால் சுடத் தோன்றும் என்பது என் கட்சி. டிங்கோக்காரனுக்கு அந்தச் சபலமே கிடையாது.

ஜான் கூம் என்ன ஆனார் என்று சொல்லவில்லையே. பேடா ஃபோம் முடிந்து இரண்டே மாதம். ரோம்மல் வந்துவிட்டார், பிரிட்டிஷ் படை பின்வாங்குகிறது. 1941 ஏப்ரல் 6 இரவு, டெர்னா அருகே, ஜெனரல் ஓ'கானரும் ஜெனரல் நீமும் கூமும் வழி தவறினார்கள். எதிரே நின்றது ஒரு ஜெர்மன் ரோந்து. பத்து மாதத்துக்கு முன் லாஸ்துச்சிக்கு நடந்தது அப்படியே இவர்களுக்கும் நடந்தது. மூன்று பேரும் இத்தாலியச் சிறைக்குப் போனார்கள். 1943-ல் இத்தாலி சரணடைந்த பிறகுதான் தப்பித்து வெளியே வர முடிந்தது.

சித்தி பையனுக்கு போன் போட்டு இதையெல்லாம் சொன்னேன். பாதி கேட்டான். இரண்டு நாள் கழித்து அவனே கூப்பிட்டான். ஒரு புதருக்குள் வண்டியை நிறுத்திவிட்டு ஆட்டம் முழுக்க ஒரு குண்டு கூடப் போடாமல் உட்கார்ந்திருந்தானாம். அவன் காட்டிக் கொடுத்த டாங்கிகளை மற்றவர்கள் அடித்த கணக்கில் அவனுக்கும் புள்ளி ஏறி, அணியில் இரண்டாவதாக வந்தானாம். "ஆனா ரொம்ப போர் அடிக்குதுண்ணா" என்றான்.