மாடியில் ஆறு அறையா, நான்கு அறையா? - புது வீட்டுச் செய்தியும் கொஞ்சம் வரலாறும்



"சார், வீட்டு வேலை எந்த அளவில் இருக்கிறது?" என்று தினமும் ஒருவராவது கேட்கிறீர்கள். கீழ்த்தளத்துக்குக் கான்கிரீட் போட்டு, பாத்தி கட்டி 14 நாள் தண்ணீர் நிறுத்தியாயிற்று. மாடிச் சுவர் லிண்டல் மட்டத்துக்கு வந்துவிட்டது. கீழே நானும் என் துணைவியாரும் இருப்போம். மாடி வாடகைக்கு. அந்த மாடியைப் பற்றித்தான் வீட்டில் ஒரு மாதமாகப் பேச்சு.

மேஸ்திரி போட்டுக் கொடுத்த திட்டத்தில் ஆறு அறைகள். ஒவ்வொன்றும் 8க்கு 10 அடி, எல்லோருக்கும் பொதுவாக இரண்டு குளியலறை. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை எந்தத் தெருவுக்குள் போனாலும் இப்படிப்பட்ட லைன் வீடுகளைப் பார்க்கலாம். "ஆள் கிடைக்காமல் இருக்கவே இருக்காது சார்" என்றார். உண்மைதான். ஆனாலும் நான்கு அறை போதும் என்று முடிவு செய்துவிட்டோம். மாதம் 8,000 ரூபாயாவது குறையும். ஓய்வு பெற்றபோது வந்த பணத்தைப் போட்டுக் கட்டுகிறவன் ஏன் இப்படிச் செய்கிறான் என்று மைத்துனர் கேட்டார். அவருக்குச் சொன்ன பதிலையே உங்களுக்கும் எழுதுகிறேன்.

நம் பக்கத்துப் பழைய வீடுகளில் வழிப்போக்கருக்கென்று ஓர் இடம் இருந்தது. அதுதான் திண்ணை. சாய்ந்துகொள்ளத் திண்டு, மழைச் சாரல் படாமல் இறக்கிய தாழ்வாரம், பக்கத்திலேயே தண்ணீர்ப் பானை. ராமானுஜர் பிறந்த ஊர் என்பதால் ஸ்ரீபெரும்புதூருக்கு யாத்திரை வருவோர் அதிகம். திண்ணையின் அருமை இங்கே எல்லோருக்கும் தெரியும்.

முதலாழ்வார்கள் கதையை வகுப்பில் சொல்லியிருக்கிறேன், நினைவிருக்கிறதா? காஞ்சிபுரத்துப் பொய்கையாழ்வார், மாமல்லபுரத்துப் பூதத்தாழ்வார், மயிலாப்பூர்ப் பேயாழ்வார் மூவரும் நம் தொண்டை நாட்டுக்காரர்கள். திருக்கோவலூரில் ஒரு மழை இரவில் ஒரு வீட்டு இடைகழியில் ஒதுங்கினார்கள். ஒருவர் படுக்க இருந்த இடம், இரண்டாமவர் வந்ததும் இருவர் உட்கார மட்டும் ஆனது. மூன்றாமவர் வந்ததும் மூவரும் நிற்கத்தான் முடிந்தது. ஓர் இரவுக்கு அது சரி. இரவு ஷிப்ட் முடிந்து விடியற்காலையில் வந்து படுப்பவருக்கு வருடக்கணக்கில் அப்படி இருக்க முடியுமா?

நம் வட்டாரம் மாறியதும் நம் கண் முன்னால்தான். சிப்காட் நிறுவனம் 1971இல் தொடங்கப்பட்டது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி 1998இல் ஆரம்பித்தது. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா 2006இல் வந்தது. ஒரகடத்தில் ரெனோ-நிசான் 2010இலும், டைம்லர் லாரித் தொழிற்சாலை 2012இலும், ராயல் என்பீல்டு 2013இலும் வந்தன. இயந்திரத்துக்கு நிலம் ஒதுக்கினோம், சாலை போட்டோம், மின்சாரம் கொடுத்தோம். அந்த இயந்திரத்தை ஓட்ட வந்தவர் எங்கே படுப்பார் என்ற கேள்விக்கு ஊர்க்காரர்களே ஆளுக்கொரு விதமாக விடை கட்டினார்கள். மாட்டுக்கொட்டகை இருந்த இடத்திலும் அறைகள் எழும்பின.

2021 டிசம்பரில் நடந்ததை மறக்க முடியாது. ஒரு தொழிற்சாலையின் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதியில் உணவு நஞ்சாகி நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனைக்குப் போனார்கள். அவர்களுடைய தோழிகள் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். ஓர் அறைக்கு 6 பேர் முதல் 30 பேர் வரை தங்கவைக்கப்பட்டிருந்ததாகச் செய்திகள் வந்தன. அதன் பிறகு வல்லம் வடகாலில் அரசு 706.50 கோடி ரூபாய் செலவில், 18,720 பேர் தங்கும் குடியிருப்பைக் கட்டி 2024 ஆகஸ்டில் திறந்தது. பெரிய காரியம். ஆனாலும் இந்த வட்டாரத்துக்கு வேலை தேடி வருகிறவர்களில் பெரும்பாலோர் நம்மைப் போன்றவர்களின் மாடியில்தான் இன்னும் தங்குகிறார்கள்.

பம்பாய் இதை நமக்கு நூறாண்டு முன்பே பார்த்துவிட்டது. 1920களில் ஆளுநர் ஜார்ஜ் லாயிட் காலத்துத் திட்டப்படி வொர்லி, நைகாம் முதலிய இடங்களில் ஆலைத் தொழிலாளர்களுக்காக 207 கட்டடங்கள் கட்டினார்கள். பி.டி.டி. சால் என்று பெயர். கட்டடத்துக்கு 80 அறை, அறைக்கு 160 சதுர அடி, கழிப்பறை பொது. 1930இல் சத்தியாகிரகிகளை அடைக்க வொர்லிக் கட்டடங்கள் தற்காலிகச் சிறையாகக்கூடப் பயன்பட்டன. பிறகு அதே 160 சதுர அடியில் முழுக் குடும்பங்கள் மூன்று தலைமுறை வாழ்ந்தன. இப்போதுதான் இடித்துவிட்டு 500 சதுர அடி வீடுகளாகக் கட்டித் தருகிறார்கள். யாரோ ஒருவர் ஒரு நாள் காகிதத்தில் போட்ட அளவு, நூறாண்டுக்கு அங்கே பிறந்தவர்களின் அளவாகிவிட்டது. மைத்துனருக்கு நான் சொன்ன பதில் இதுதான். வாடகையை அடுத்த வருடம் மாற்றலாம். சுவரை மாற்ற முடியாது.

அதனால் எங்கள் மாடி இப்படி வருகிறது.

அறை 10க்கு 12, அதாவது 120 சதுர அடி. தேசியக் கட்டட விதித்தொகுப்பு ஓர் அறைக்குக் குறைந்தது 9.5 சதுர மீட்டர், சுமார் 102 சதுர அடி என்கிறது. மேஸ்திரி போட்ட அறை 80தான் வந்தது. ஓர் அறைக்கு இருவர், அதற்கு மேல் இல்லை.

நான்கு அறையும் நான்கு மூலையில். ஆகவே ஒவ்வொன்றுக்கும் இரண்டு வெளிச்சுவர், இரண்டு ஜன்னல். நம்மைப் போன்ற புழுக்கமான ஊருக்கு ஜன்னல் திறப்பு தரைப் பரப்பில் ஆறில் ஒரு பங்காவது வேண்டும். 120க்கு 20. எங்களுடையது 4க்கு 3 அளவில் இரண்டு, ஆக 24.

அறைக்கு அறை தனிக் குளியலறை. விடியற்காலைக் கம்பெனி பேருந்துக்கு வாளியோடு வரிசையில் நிற்கும் பிள்ளைகளைத் தினமும் பார்க்கிறேன்.

மொட்டை மாடியில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, மேலே வெள்ளை ஓடு. இரவு ஷிப்ட்காரர் தூங்குவது பகலில்தானே? வெயிலைத் தலைக்கு மேலேயே நிறுத்த வேண்டும்.

கடைசியாக ஒன்று. 2014 நவம்பரில் நோக்கியா ஆலை உற்பத்தியை நிறுத்தியது. எந்தத் தொழிற்சாலையும் நிரந்தரம் இல்லை என்பதை நம் பக்கம் அன்று பார்த்தது. அதனால் அறைகளுக்கு இடையே ஒரு சுவரில் கதவுக்கு இடம் விட்டு லிண்டல் போட்டிருக்கிறோம். சமையலறைக் குழாய்க்கும் வழி வைத்தாயிற்று. நாளைக்கே வாடகைக்கு ஆள் இல்லாவிட்டால் மாடி ஒரு குடும்பத்துக்கான வீடாகிவிடும்.

வாசலில் திண்ணையும் உண்டு. "இந்தக் காலத்தில் எதற்கு?" என்றார்கள். பேருந்துக்குக் காத்திருப்பவர்கள் உட்காரட்டும்.

என்னிடம் படித்தவர்களில் பலர் இன்று சொந்தமாக வீடு கட்டி வாடகைக்கு விடுகிறீர்கள். சிலர் இதே தொழிற்சாலைகளில் வேலை செய்துகொண்டு வாடகை அறையில் இருக்கிறீர்கள். இரு தரப்புக்கும் ஒரு வீட்டுப்பாடம்: டேப்பை எடுத்து அறையை அளந்து, எத்தனை சதுர அடியில் எத்தனை பேர் என்று கீழே எழுதுங்கள். கணக்கு தப்பினாலும் மார்க் குறைக்க மாட்டேன்.

தை மாதம் கிரகப்பிரவேசம். தேதி பிறகு சொல்கிறேன். எல்லோரும் குடும்பத்தோடு வர வேண்டும்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்