சட்டைக்குள் இருக்கும் முத்திரை

நம் கல்லூரி ஒர்க்‌ஷாப்பில் ஃபைலிங் செய்த இரும்புத் துண்டை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். முதலில் நம் ரோல் நம்பரை அதில் பஞ்ச் அடிக்க வேண்டும். பிறகு இன்ஸ்ட்ரக்டர் அளந்து பார்த்துத் தன் அடையாளத்தைப் போடுவார். "செஞ்சது யாரு, பார்த்தது யாரு? ரெண்டும் இல்லாத ஜாப் எனக்கு வேண்டாம்" என்பார். அந்த வாசகம் ஜெர்மனியில் ஒரு பழைய சாமான் சந்தையில் எனக்கு ஞாபகம் வரும் என்று அன்று யார் கண்டது!

வேலை நிமித்தம் ஸ்டுட்கார்ட் பக்கம் தங்கியிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை சந்தைக் கடையொன்றில் இரண்டு பழைய சீருடைகள் தொங்கின. ஒன்று நாஜிக் கட்சியின் பழுப்புச் சட்டை. மற்றது ராணுவத்தின் சாம்பல்பச்சைக் கோட்டு. ஸ்வஸ்திகா இருந்த இடத்தில் தாள் ஒட்டியிருந்தார்கள்; அதைப் பொதுவில் காட்டுவது அங்கே சட்டப்படி குற்றம். சீருடை சேகரிக்கும் ஜெர்மானிய சக ஊழியர் ஒருவர் என்னோடு வந்திருந்தார். அவர் வெளிப்புறத்தைப் பார்க்கவேயில்லை. நேராக உள்துணியைத் திருப்பினார். அன்று அவரிடம் கற்றதையும் பிறகு படித்ததையும் சேர்த்தே இங்கு எழுதுகிறேன்.

கட்சிச் சீருடைகளுக்கு அனுமதி கொடுத்தது மியூனிக்கில் இருந்த ரைக்ஸ்ஸொய்க்மைஸ்டராய், சுருக்கமாக ஆர்.இசட்.எம். 1934 டிசம்பரில் வந்த சட்டம், அனுமதியில்லாமல் கட்சிச் சீருடை தயாரிப்பதையும் விற்பதையும் குற்றமாக்கியது. எனவே லைசென்ஸ் பெற்ற கம்பெனியின் சரக்கில் வட்டத்துக்குள் ஆர்.இசட்.எம். எழுத்துகள் கொண்ட சீட்டும், கம்பெனியின் எண்ணும் இருக்கும். நம்ம ஊர் ஐ.எஸ்.ஐ. முத்திரை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

ராணுவத்தின் வழி வேறு. அங்கே மை முத்திரைதான். கோட்டின் உள்துணியில் ஐந்து எண்கள் சென்டிமீட்டரில் இருக்கும்: முதுகு நீளம், கழுத்து, மார்பு, மொத்த நீளம், கை நீளம். பக்கத்தில் உடைக் கிடங்கின் எழுத்தும் ஆண்டும். "பி 37" என்றால் பெர்லின் கிடங்கு, 1937. "எம்" மியூனிக், "ஈ" எர்ஃபுர்ட். போரின் முற்பகுதி வரை தயாரிப்பாளரின் பெயரும் ஊரும் வெளிப்படையாகவே இருந்தன. 1942-43 வாக்கில் பெயர் போய், ஆர்.பி. எண் என்ற நீண்ட எண் வந்தது. எந்த ஊரில் எந்த ஆலை என்பது அதைப் பார்ப்பவனுக்குத் தெரியாது. ஆகவே 1938 ஆண்டு முத்திரையோடு ஆர்.பி. எண்ணும் சேர்ந்திருந்தாலும், ராணுவக் கோட்டில் ஆர்.இசட்.எம். சீட்டு தைத்திருந்தாலும் உஷாராகிவிட வேண்டும்.

நண்பர் பையிலிருந்து ஒரு சின்ன புற ஊதா விளக்கை எடுத்தார். பழுப்புச் சட்டையின் துணி மங்கலாகவே கிடந்தது. ஆனால் ஆர்.இசட்.எம். சீட்டைத் தைத்த நூல் மட்டும் நீலவெள்ளையாகப் பளிச்சிட்டது. ஒளிர்வூட்டும் ரசாயனங்கள் நூலிலும் சலவைத் தூளிலும் பரவலானது போருக்குப் பிறகுதான். இன்றைய சோப்பில் துவைத்திருந்தால் சட்டை முழுவதுமே ஒளிர்ந்திருக்கும். அப்படின்னா சீட்டு பிற்பாடு தைத்தது! கடைக்காரர் வானத்தைப் பார்த்தார்.

ராணுவக் கோட்டு எல்லாச் சோதனையிலும் தேறியது. உள்ளே ஓர் ஆர்.பி. எண். நண்பர் "அசல்" என்றார். எனக்கோ ஒர்க்‌ஷாப் கேள்வி வந்துவிட்டது: "சரி, செஞ்சது யாரு?"

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "எண் கம்பெனியைத்தான் சொல்லும். தைத்த கையைச் சொல்லாது."

பிறகு தேடிப் படித்தேன். ஸ்டுட்கார்ட்டுக்குத் தெற்கே உள்ள மெட்ஸிங்கனில் 1924-ல் தொடங்கிய ஹூகோ பாஸ் கம்பெனியும் கட்சிச் சீருடை தைத்த லைசென்ஸ்தாரர்களில் ஒன்று. எஸ்.எஸ். படையின் கறுப்புச் சீருடையை அவர்தான் வடிவமைத்தார் என்பது கட்டுக்கதை. அவர் தைத்துக் கொடுத்தவர். ஆனால் போர்க்காலத்தில் அந்த ஆலையில் சுமார் 140 கட்டாயத் தொழிலாளர்களும் 40 பிரெஞ்சுப் போர்க்கைதிகளும் வேலை வாங்கப்பட்டார்கள். 2011-ல் வெளிவந்த ஆய்வையொட்டி கம்பெனி வருத்தம் தெரிவித்தது. ராவன்ஸ்புரூக் பெண்கள் முகாமில் கைதிகள் எஸ்.எஸ். சீருடைகளைத் தைத்தார்கள். போலந்தின் வூட்ஜ் நகர கெட்டோவில் அடைபட்ட யூதர்கள் ஜெர்மன் ராணுவத்துக்கு உடை தைத்தார்கள். 1944 ஆகஸ்டில் அந்த கெட்டோவைக் காலி செய்து, மிஞ்சியிருந்தவர்களில் பெரும்பாலோரை ஆஷ்விட்ஸுக்கு அனுப்பினார்கள். அவர்கள் பெயர் எந்த உள்துணியிலும் இல்லை.

தம்பி தங்கைகளே, நாளை நீங்களும் ஒரு தொழிற்சாலையில் "ஓகே" முத்திரை குத்துவீர்கள். கழுத்தளவு, கை நீளம், தேதி எல்லாம் அந்தக் கோட்டிலும் சரியாகவே இருந்தன. எனக்கு இன்ஸ்பெக்‌ஷன் வேலைதான். இப்போதெல்லாம் சப்ளையர் ஆலைக்குப் போனால் கேஜைக் கையில் எடுக்குமுன், அங்கே வேலை செய்கிறவர்களிடம் நாலு வார்த்தை பேசிவிட்டுத்தான் மறுவேலை.

அந்தக் கோட்டை நண்பர் வாங்கவில்லை. நானும் வாங்கவில்லை.