உழுதவர்களுக்குத் தெரியாமல் விற்ற நிலம்

1910-ஆம் ஆண்டு. ஒட்டோமான் பேரரசின் ஆட்சியிலிருந்த நாசரேத் வட்டாரத்தின் நிர்வாகி சுக்ரி அல்-அசலியிடம் ஒரு நிலக் கிரயம் வந்து சேர்ந்தது. விற்றவர் பெய்ரூட் நகரத்துப் பெருவணிகர் எலியாஸ் சுர்சுக். வாங்கியது, யூதக் குடியேற்றத்துக்காக நிலம் வாங்கிவந்த யூத தேசிய நிதியம். அல்-ஃபூலா என்ற கிராமமும் அதைச் சுற்றிய சுமார் 10,000 துனம் வயலும், அதாவது இரண்டாயிரம் ஏக்கருக்கு மேல், கைமாறியிருந்தன. விலை பேசி முடித்தாயிற்று, வில்லங்கம் எதுவும் இல்லை. பட்டாவைப் புதிய உரிமையாளரிடம் ஒப்படைக்க வேண்டியதுதான் பாக்கி. அல்-அசலி ஒப்படைக்க மறுத்துவிட்டார்.

அந்த வயல்களைத் தலைமுறை தலைமுறையாக உழுதுவந்த குடியானவர்களின் பெயர் பத்திரத்தில் எங்கும் இல்லை. நிலம் விற்பனைக்கு வந்ததுகூட அவர்களைக் கேட்டு நடந்ததில்லை.

இஸ்ரேல்–பாலஸ்தீனப் பிரச்சினையைப் பற்றிப் பேச்செடுத்தால், இரண்டாயிரம் வருஷத்துப் பகை, மதச் சண்டை, தீராத வழக்கு என்று சொல்லி நகர்ந்துவிடுகிறோம். அந்தப் பேச்சு எனக்கு ஏற்புடையதல்ல. அதில் யாருக்கும் பொறுப்பில்லாமல் போய்விடுகிறது. எருசலேம், ஹெப்ரோன், சஃபெத், திபேரியா ஆகிய நான்கு நகரங்களில் யூதர்கள் நூற்றாண்டுகளாக வாழ்ந்துவந்தார்கள். சுல்தானின் ஆட்சியில் முஸ்லிம்களுக்குச் சமமான உரிமை அவர்களுக்கு நெடுங்காலம் இருந்ததில்லை, உரசல்களும் உண்டு. ஆனால் இன்று நாம் பார்க்கும் சண்டை அதன் தொடர்ச்சி அல்ல. இதற்கு வயது சுமார் நூற்று நாற்பது. பிறந்த இடம் வயற்காடு.

விதை விழுந்தது 1858-இல். அந்த ஆண்டு ஒட்டோமான் அரசு ஒரு நிலச் சட்டம் கொண்டுவந்தது. ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் ஒரு பெயர், ஒரு பதிவு, ஒரு வரி என்பதுதான் அதன் நோக்கம். பாலஸ்தீனக் கிராமங்களில் அதுவரை இருந்த வழக்கம் வேறு. பெரும்பாலான நிலம் சட்டப்படி அரசுக்குச் சொந்தம், உழும் உரிமை ஊருக்கு. பல ஊர்களில் ‘முஷாஃ’ என்ற முறை இருந்தது. ஓரிரு ஆண்டுக்கொரு முறை ஊர் கூடி, நல்ல மண்ணும் கெட்ட மண்ணும் எல்லோருக்கும் மாறி மாறி வரும்படி நிலத்தைப் பங்கு பிரித்துக்கொள்வார்கள். எந்தத் துண்டும் எந்த ஒருவருக்கும் நிரந்தரம் அல்ல. அப்படிப்பட்ட ஊரில் போய், இந்த நிலம் யார் பெயரில் என்று கேட்டால் யார் பதில் சொல்வது?

கேட்டவர்கள்மேல் பயமும் இருந்தது. பதிவேட்டில் பெயர் ஏறினால் வரிக்காரன் வருவான், அவனுக்குப் பின்னால் படைக்கு ஆள் பிடிக்கிறவனும் வருவான். அதனால் பலர் பதிவே செய்யவில்லை. சிலர் ஊர்ப் பெரிய மனிதர் பெயரிலோ நகரத்து வணிகர் பெயரிலோ எழுதிவைத்தார்கள். பதிவாகாத, வரி கட்டாத நிலங்களை அரசே விற்கவும் செய்தது. கஜானா காலியாக இருந்த காலம் அது. 1872-ஐ ஒட்டி, கலிலேயா மலைகளுக்குத் தெற்கே விரிந்து கிடக்கும் மர்ஜ் இப்னு ஆமிர் சமவெளியின் பெரும்பகுதியை சுர்சுக் குடும்பம் அரசிடமிருந்து வாங்கியது. விவிலியம் படித்தவர்கள் யெஸ்ரயேல் பள்ளத்தாக்கு என்று அறிந்திருப்பது இந்தச் சமவெளியைத்தான். உழுதவன் பழையபடி உழுதான். விளைச்சலில் ஒரு பங்கு பெய்ரூட்டுக்குப் போயிற்று. தன் காலடி மண்ணின் உரிமையாளர் மாறிவிட்டார் என்பதால் அவனுடைய அன்றாடத்தில் பெரிய மாற்றம் ஏதும் வரவில்லை.

அதே சமயத்தில் ரஷ்யாவில் வேறொரு கதை நடந்துகொண்டிருந்தது. 1881-இல் இரண்டாம் அலெக்சாண்டர் மன்னர் கொல்லப்பட்டதும், பழி யூதர்கள்மேல் விழுந்தது. தெற்கு ரஷ்யாவிலும் உக்ரைனிலும் வீடுகளும் கடைகளும் சூறையாடப்பட்டன. 1903-இல் கிஷினேவ் நகரத்தில் இரண்டே நாளில் 49 யூதர்கள் கொல்லப்பட்டார்கள். இருபது லட்சம் பேருக்கு மேல் கிழக்கு ஐரோப்பாவை விட்டு ஓடினார்கள். பெரும்பாலோர் அமெரிக்காவுக்குப் போனார்கள், ஒரு சிறு பகுதியினர் பாலஸ்தீனம் வந்தார்கள். ஐரோப்பா தங்களை மனிதர்களாக நடத்தாது, தங்களுக்கென்று ஓர் இடம் வேண்டும் என்ற அவர்களின் முடிவை நான் குறை சொல்லமாட்டேன். அடுத்த அறுபது ஆண்டுகளில் அது எவ்வளவு சரியான அச்சம் என்று தெரிந்துவிட்டது.

வந்தவர்களுக்கு நிலம் வேண்டும். விற்கத் தயாராக இருந்தவர்கள் உழவர்கள் அல்ல, பத்திரம் வைத்திருந்தவர்கள். ஒரு பெரும் பரப்பை ஒரே கையெழுத்தில் வாங்க முடியும் என்பதால் வாங்குகிறவர்களுக்கும் அதுவே வசதி. இந்தச் சண்டையின் கரு இந்த ஏற்பாட்டில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

இதை முதலில் கண்டு சொன்னவர்களில் யூதர்களே உண்டு. அஹாத் ஹாஅம் என்ற எழுத்தாளர் 1891-இல் பாலஸ்தீனம் போய்வந்து, வெளிநாட்டில் நாம் நம்புவதுபோல் இது வெற்றுப் பாலைவனம் அல்ல, விதைக்காத நிலத்தைக் காண்பதே அரிது என்று எழுதினார். இட்ஸ்ஹாக் எப்ஸ்டைன் என்ற ஆசிரியர் 1907-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். கலிலேயாவில் ரோஷ் பினா குடியேற்றத்துக்காக நிலம் வாங்கப்பட்டபோது அங்கிருந்த குடும்பங்கள் யோர்தானுக்குக் கிழக்கே ஹவுரானுக்குப் புறப்பட்ட நாளை அவர் நினைவுகூர்ந்தார். ஆண்கள் கழுதைமேல் முன்னே போக, பெண்கள் அழுதபடி நடந்தார்கள், வழியில் நின்று நின்று கல்லையும் மண்ணையும் முத்தமிட்டார்கள். சட்டப்படி வாங்கினோம் என்பது போதுமா என்று எப்ஸ்டைன் தன் மக்களைப் பார்த்துக் கேட்டார். அந்தக் கேள்விக்கு மதிப்பு இருந்தது, பெரும்பான்மை இல்லை.

அரபுத் தரப்பிலிருந்தும் எச்சரிக்கை வந்தது. எருசலேமின் முன்னாள் மேயர் யூசுஃப் தியா அல்-காலிதி 1899-இல் பிரான்சின் தலைமை ரபிக்கு ஒரு கடிதம் எழுதினார். யூதர்களுக்கு இந்த மண்ணோடுள்ள வரலாற்று உறவை அவர் மறுக்கவே இல்லை. ஆனால் இங்கே மக்கள் வாழ்கிறார்கள், கடவுளின் பெயரால் பாலஸ்தீனத்தை விட்டுவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டார். கடிதம் யூதத் தேசிய இயக்கமான சியோனிசத்தின் தலைவர் தியோடர் ஹெர்ஸலிடம் போயிற்று. யூதர்கள் வந்தால் நிலத்தின் மதிப்பு உயரும், உங்களுக்கும் செல்வம் பெருகும், உங்களை வெளியேற்ற யார் நினைக்கப்போகிறார்கள் என்று ஹெர்ஸல் பதில் எழுதினார். நிலத்தின் மதிப்பு உயர்ந்தால் லாபம் பத்திரக்காரனுக்கு. குத்தகைக்காரனுக்கு என்ன ஆகும் என்பதற்கு அந்தப் பதிலில் இடமில்லை.

முதல் இருபது ஆண்டுகளில் பகை முற்றாததற்கு ஒரு காரணம் உண்டு. 1886-இல் பெத்தா திக்வா என்ற யூதக் குடியேற்றத்தில் மேய்ச்சலையும் நிலத்தையும் பற்றிய தகராறு கைகலப்பாகி உயிர்ச்சேதம் வரை போனது உண்மைதான். ஆனாலும் அக்கால யூதத் தோட்டங்கள் அரபுக் கூலியாட்களையும் காவல்காரர்களையும் வைத்துக்கொண்டன. நிலம் போனவனுக்குக் கூலியாவது மிஞ்சியது. 1904-க்குப் பின் வந்த இளைஞர்கள் இதை மாற்றினார்கள். அவர்கள் சோஷலிஸ்டுகள். பிறர் உழைப்பில் வாழும் பண்ணையார்களாக மாட்டோம், எங்கள் கையாலேயே உழுவோம் என்றார்கள். அவர்கள் மனம் சுத்தமானது. ஆனால் அந்த லட்சியம் வயலில் இறங்கியபோது அரபுக் கூலியாளுக்கும் வேலை இல்லாமல் போயிற்று. யூத தேசிய நிதியம் வாங்கிய நிலம் திரும்ப விற்கப்படாது, அதில் யூதரல்லாதவர் வேலை செய்யவும் கூடாது என்பது பிறகு குத்தகை ஒப்பந்தங்களில் நிபந்தனையாகவே எழுதப்பட்டது. வருகிறவனுக்கும் இருக்கிறவனுக்கும் இடையே ஒரே வயலில் பொதுவாக எதுவுமே இல்லை என்றாகிவிட்டது.

அல்-ஃபூலாவின் விற்பனை சரியாக அந்தத் திருப்பத்தில் வந்தது. அல்-அசலி பட்டாவை மறுத்ததோடு நிற்கவில்லை. சலாஹுத்தீன் அய்யூபி என்ற புனைபெயரில் பத்திரிகைகளில் எழுதினார். அந்தக் கிராமத்தில் சலாஹுத்தீன் சிலுவைப் போராளிகளிடமிருந்து கைப்பற்றிய கோட்டையின் இடிபாடு இருந்தது. மேலதிகாரியான பெய்ரூட் ஆளுநர் அவர் முடிவை ஏற்கவில்லை. 1911-இல் அங்கே மெர்ஹாவியா குடியேற்றம் எழுந்தது. குடியானவர்கள் வெளியேறினார்கள். அதே ஆண்டு அல்-அசலி டமாஸ்கஸிலிருந்து நாடாளுமன்ற உறுப்பினராகி, இஸ்தான்புல் அவையில் இந்த விவகாரத்தை எழுப்பினார். ஹைஃபாவில் நஜீப் நசாரின் ‘அல்-கர்மில்’, யாஃபாவில் ஈசா அல்-ஈசாவின் ‘ஃபலஸ்தீன்’ ஆகிய இதழ்களும் நிலப் பிரச்சினையைத் தொடர்ந்து எழுதின. அல்-ஃபூலாவுக்குப் பிறகு இது ஓர் ஊரின் வாய்க்கால் தகராறாக இருக்கவில்லை. 1916 மே 6 அன்று, முதல் உலகப் போரின் நடுவே, அரபு தேசியவாதி என்ற குற்றச்சாட்டில் ஒட்டோமான் ஆளுநர் ஜமால் பாஷா அல்-அசலியை டமாஸ்கஸில் தூக்கிலிட்டார்.

மெர்ஹாவியாவைப் பற்றி இன்னொரு செய்தி. 1921-இல் அமெரிக்காவிலிருந்து வந்து அந்தக் குடியேற்றத்தில் சேர்ந்த இளம்பெண்களில் ஒருவர் கோல்டா மெயிர். 1969-இல் இஸ்ரேலின் பிரதமராக, பாலஸ்தீனியர் என்றொரு மக்கள் இருந்ததே இல்லை என்று லண்டன் பத்திரிகைப் பேட்டியில் சொன்னவரும் அவரே.

போர் நடந்துகொண்டிருக்கும்போதே, 1917 நவம்பர் 2-ஆம் தேதி, பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் பால்ஃபரின் கடிதம் வந்தது. யூதர்களுக்குப் பாலஸ்தீனத்தில் தேசிய இல்லம் அமைய ஆதரவு தருவதாக பிரிட்டன் வாக்களித்தது. அப்போது மக்கள்தொகையில் பத்தில் ஒன்பது பேராக இருந்த அரபு மக்களை, ‘யூதரல்லாத சமூகங்கள்’ என்று மட்டும் குறிப்பிட்டது. அடுத்த ஆண்டு செப்டம்பரில் பிரிட்டிஷ் குதிரைப்படை மர்ஜ் இப்னு ஆமிரைக் கடந்தது. அதில் மைசூர், ஜோத்பூர் சமஸ்தானங்களின் வீரர்கள் இருந்தார்கள். செப்டம்பர் 23 அன்று ஹைஃபாவைப் பிடித்தவர்கள் அவர்கள்தான். டெல்லியின் தீன்மூர்த்தி சதுக்கத்துச் சிலைகள் அந்தப் படைப்பிரிவுகளின் நினைவாக நிற்கின்றன.

பிரிட்டிஷ் ஆட்சி வந்தபின், 1921 முதல் 1925 வரை சுர்சுக் குடும்பம் சமவெளியில் மீதமிருந்ததையும் விற்றது. பெய்ரூட் அதற்குள் பிரெஞ்சு ஆட்சிக்குப் போயிருந்தது. எல்லைக்கு அப்பாலிருந்த நிலத்தால் அவர்களுக்கு இனிப் பயன் குறைவு. வாங்கும் வேலையைப் பல ஆண்டு பொறுமையோடு முடித்தவர் யெஹோசுவா ஹான்கின். வெளியேறிய குடும்பங்கள் எத்தனை என்பதில் இன்றுவரை வழக்கு உண்டு. அரபுத் தரப்பு 1,700-க்கு மேல் என்றது, குடியேற்றத்தை நடத்திய யூத முகமை 688 என்றது. குறைந்த எண்ணை எடுத்துக்கொண்டாலும் அத்தனை அடுப்புகள் இடம் மாறின. குத்தகையாளருக்குப் பிழைப்புக்கு வேண்டிய நிலத்தை விட்டுவைக்க வேண்டும் என்று 1920-இல் ஒரு சட்டம் இருந்தது. கையில் கொஞ்சம் பணம் கொடுத்து, கைரேகை வாங்கி, அனுப்பிவிட்டால் அந்தச் சட்டத்தைத் தாண்டிவிடலாம். நிலம் விற்றவர்களில் பாலஸ்தீனத்திலேயே வாழ்ந்த பெரிய குடும்பங்களும், மேடையில் தேசியம் பேசிய தலைவர்கள் சிலரும் இருந்தார்கள். இதையும் சொல்லாவிட்டால் கதை நேர்மையாகாது.

1929-இல் எருசலேமின் மேற்குச் சுவரில் வழிபாட்டு உரிமை பற்றிக் கிளம்பிய தகராறு கலவரமாக வெடித்தது. ஹெப்ரோனில் மட்டும் அறுபதுக்கும் மேற்பட்ட யூதர்கள் கொல்லப்பட்டார்கள். நூற்றாண்டுகளாக அங்கேயே வாழ்ந்த, யாருடைய நிலத்தையும் பறிக்காத குடும்பங்களும் அதில் இருந்தன. நாடு முழுவதும் 133 யூதர்களும் 116 அரபியரும் இறந்தார்கள். விசாரிக்க வந்த பிரிட்டனின் ஷா ஆணையம், வழிபாட்டுத் தகராறுக்கு அடியில் கிடப்பது நிலமும் குடியேற்றமும் பற்றிய பயம் என்று கண்டது. அதற்குப் பின்னால் பிரிட்டன் அனுப்பிய ஹோப் சிம்சன், இனிமேல் குடியேற்ற நிலம் போதாது என்று அறிக்கை கொடுத்தார். 1930-இல் லண்டன் அதை ஏற்றது, 1931 பிப்ரவரியில் எதிர்ப்புக்குப் பணிந்து பின்வாங்கியது. இதற்கிடையே, கடலோரத்து வாதி ஹவாரித்தில் 30,000 துனம் நிலம் ஒரு பழைய கடனுக்காக நீதிமன்ற ஏலத்தில் யூத தேசிய நிதியத்துக்குப் போயிருந்தது. அங்கிருந்த நூற்றுக்கணக்கான பேர் எதிர்த்து நின்றும், 1933-இல் முற்றாக வெளியேற்றப்பட்டார்கள். அந்த ஆண்டுதான் ஜெர்மனியில் ஹிட்லர் பதவிக்கு வந்தார். அமெரிக்காவோ 1924-லேயே கதவைச் சாத்தியிருந்தது. 1935-இல் மட்டும் அறுபதாயிரத்துக்கு மேற்பட்ட யூதர்கள் பாலஸ்தீனம் வந்து இறங்கினார்கள். போக அவர்களுக்கு வேறு இடம் இல்லை.

நிலமிழந்த உழவர்கள் ஹைஃபாவுக்குப் போய், தகரக் குடிசைகளில் தங்கித் துறைமுகத்திலும் ரயில்வேயிலும் கூலிவேலை தேடினார்கள். இஸ்ஸத்தீன் அல்-கஸ்ஸாம் என்ற மதபோதகர் தன் ஆயுதக் குழுவுக்கு ஆள் சேர்த்தது இவர்களிடையேதான். 1935 நவம்பரில் பிரிட்டிஷ் போலீஸ் அவரைச் சுட்டுக் கொன்றது. ஐந்து மாதத்தில் நாடு தழுவிய வேலைநிறுத்தம் தொடங்கி, மூன்றாண்டுக் கிளர்ச்சியாக வளர்ந்தது. அதன் நடுவே 1937-இல் பிரிட்டனின் பீல் ஆணையம் நாட்டை இரண்டாகப் பிரிக்கலாம் என்றது.

1947-இல் ஐ.நா. பிரிவினைக்கு வாக்களித்தபோது, யூத நிறுவனங்களும் தனியாரும் கிரயமாக வாங்கியிருந்த நிலம் பாலஸ்தீனத்தின் மொத்தப் பரப்பில் சுமார் ஏழு சதவீதம்தான். மற்றதை, இஸ்ரேல் உருவான 1948-ஆம் ஆண்டுப் போர் தீர்மானித்தது. ஏழு லட்சத்துக்கு மேற்பட்ட பாலஸ்தீனியர் ஊரை இழந்தார்கள். 1950-இல் இஸ்ரேல் இயற்றிய சட்டம், அப்படிப் போனவர்களின் சொத்தை ‘வராதவர் சொத்து’ என்று அரசின் பாதுகாவலரிடம் சேர்த்தது. ஊரைவிட்டு விலகி நாட்டுக்குள்ளேயே தங்கி, குடியுரிமையும் பெற்றவர்களில் ஆயிரக்கணக்கானோரும் இந்தச் சட்டத்தின்படி வராதவர்கள்தான். 1953-இல் வந்த இன்னொரு சட்டம், ஏற்கெனவே எடுத்துக்கொண்ட நிலங்களை அரசின் பெயருக்கு மாற்றியது.

அதே மர்ஜ் இப்னு ஆமிரின் ஓரத்தில் லஜ்ஜூன் என்ற கிராமம் இருந்தது. 1948-இல் அது காலியானது. ஊரார் பலர் சில மைல் தள்ளி, உம் அல்-ஃபஹ்ம் ஊரில் குடியேறி இஸ்ரேலியக் குடிமக்களானார்கள். எங்கள் நிலத்தின்மேல் எங்களுக்கு உரிமை இருக்கிறது, குடியேற்றத் தேவைக்கென்று எடுத்த அதில் வளர்த்திருப்பது காடுதான், குடியேற்றம் அல்ல என்று அவர்களின் வாரிசுகள் இஸ்ரேலின் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 2010-இல் அந்த வழக்கு தள்ளுபடியானது.