தோல் ஒவ்வாமையை முன்கூட்டிச் சொல்லும் கலை: மாம்பாலிலிருந்து கணினி வரை

ஒரு வேதிப்பொருள் தோலில் ஒவ்வாமையை உண்டாக்குமா என்பதை அதன் மூலக்கூறு அமைப்பை வைத்தே கணிக்கும் முறை ஒரே ஒரு விதியின் மேல் எழுந்தது. அந்தப் பொருள் தோலின் மேலடுக்கைக் கடந்து உள்ளே போய், அங்குள்ள புரதத்தோடு இறுகப் பிணைய வேண்டும். அப்படி உருமாறிய புரதத்தை உடம்பு அந்நியமாகக் கண்டு நினைவில் வைத்துக்கொள்கிறது. இந்த நினைவு உறுதிப்பட ஓரிரு வாரம் ஆகும். பிறகு அதே பொருள் மறுபடி பட்டால், ஓரிரு நாளில் தோல் சிவந்து, தடித்து, நீர் கோக்கும்.

இந்த விதியை ஆய்வுக்கூடம் இல்லாமலே பார்க்கக்கூடிய இடங்களில் ஒன்று, சித்தூர் மாவட்டத்தின் பங்காருபாளையம். பலமனேருக்கும் சித்தூருக்கும் நடுவே, சென்னை–பெங்களூரு சாலையில் உள்ள இவ்வூர் மாங்காய்ச் சந்தைக்குப் பேர்போனது. ஜூன், ஜூலையில் கிளிமூக்கு எனப்படும் தோத்தாபுரி மாங்காய் இங்கிருந்து கூழ் ஆலைகளுக்குப் போகிறது. பறிக்கும்போது காம்பு ஒடிந்தால் பால் பீச்சியடிக்கும். காயின் மேல் வழிந்தால் தோல் கறுத்துத் தழும்பாகும், விலையும் குறையும். கையிலும் முகத்திலும் பட்டால் எரியும். இதில் இரண்டு வேலைகள் கலந்திருக்கின்றன. பாலிலுள்ள டெர்பீன் எண்ணெய்கள் யாருடைய தோலையும் அப்போதே காந்தவைக்கும். இது ஒவ்வாமை ஆகாது. நீண்ட கார்பன் வால் கொண்ட ரிசார்சினால் வகைப் பொருளோ சிலரிடம் மட்டும், தாமதமாகத் தன் வேலையைக் காட்டும். அதுதான் ஒவ்வாமை.

மா, முந்திரி, சேங்கொட்டை மூன்றும் ஒரே தாவரக் குடும்பம். சலவைத் துணியில் வண்ணார்கள் சேங்கொட்டைச் சாற்றால் குறி போடுவது பழைய வழக்கம். இரண்டாம் உலகப் போரின்போது இந்தியாவில் இருந்த அமெரிக்கப் படையினருக்குச் சட்டைக் கழுத்திலும் இடுப்பிலும், துல்லியமாகக் குறி பட்ட இடத்தில் மட்டும் தோல் தடிப்பு வந்தது. 1943இல் மருத்துவ இதழில் இது பதிவாயிற்று. அமெரிக்காவின் நச்சுப் படர்கொடியில் உள்ளதும் இதே குடும்பச் சரக்குதான். அக்கொடியால் முன்பே பாதிக்கப்பட்டவர்களின் உடம்பு சேங்கொட்டையையும் மாம்பாலையும் அடையாளம் கண்டுகொள்கிறது. இஸ்ரேலின் மாந்தோப்பில் காய் பறிக்க வந்த அமெரிக்கர்களுக்குத் தடிப்பு கண்டதும், அதே வேலை செய்த உள்ளூர்க்காரர்களுக்கு ஒன்றும் ஆகாததும் 2005இல் வெளியான ஆய்வில் விவரிக்கப்பட்டுள்ளன. மூலக்கூறைப் பார்த்துப் பொருளின் குணத்தைச் சொல்லலாம். யாருக்கு வரும் என்பதைச் சொல்ல முடியாது.

புரதத்தோடு பிணையும் விதியைச் சோதனையால் காட்டியவர் கார்ல் லேண்ட்ஸ்டைனர். இரத்த வகைகளைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற அதே லேண்ட்ஸ்டைனர்தான். 1935இல் நியூயார்க்கின் ராக்பெல்லர் நிறுவனத்தில் ஜேக்கப்ஸுடன் சேர்ந்து, டைநைட்ரோகுளோரோபென்சீன் போன்ற பொருள்களைக் கினிப்பன்றிகளின் தோலில் பயன்படுத்தினார். புரதத்தோடு வினைபுரியும் ஆற்றல் உள்ளவையே ஒவ்வாமையைத் தூண்டின. இன்றைய கணினி மாதிரிகளின் வேர் இங்கே இருக்கிறது. ஆனால் தொழிற்சாலைகள் அதன் பிறகும் நெடுங்காலம் விலங்குகளையே நம்பின. 1969இல் மேக்னசனும் கிளிக்மனும் வகுத்த கினிப்பன்றிச் சோதனை பரவலானது. சுண்டெலியின் காதில் பொருளைத் தடவி, நிணநீர்க் கணுவில் செல்கள் எவ்வளவு பெருகுகின்றன என்று அளக்கும் முறை 2002இல் பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பான ஓஇசிடியின் வழிகாட்டுதலாயிற்று. அந்தப் பெருக்கத்தை மூன்று மடங்காக்கும் செறிவு எவ்வளவு குறைவோ, பொருள் அவ்வளவு வீரியமானது.

இதற்கு இணையாகத் தாளில் கணக்குப் போட்டவர்களும் இருந்தார்கள். டேவிட் ராபர்ட்ஸும் வில்லியம்ஸும் 1982இல் மூன்று அளவுகளை ஒரே சூத்திரத்தில் கோத்தனர்: எவ்வளவு தடவப்பட்டது, எவ்வளவு வேகமாகப் புரதத்தோடு வினைபுரிகிறது, கொழுப்பில் எவ்வளவு கரைகிறது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, வேறு ஆய்வாளர்கள் பழைய கினிப்பன்றிச் சோதனை முடிவுகளை அலசி, ஆபத்தான மூலக்கூறு வடிவங்களை விதிகளாக எழுதி, டெரெக் என்ற மென்பொருளில் ஏற்றினர். வேதியியலாளர் கண்ணால் பார்த்துச் சொல்வதை இயந்திரம் சலிக்காமல் சொல்லத் தொடங்கியது. விலங்குச் சோதனையைத் தவிர்க்கவென்று பிறந்த மாதிரிகள் பாடம் படித்தது அந்த விலங்குகளிடம்தான் என்பதை மறைப்பதற்கில்லை. பழைய தரவு தவறியிருந்தால் மாதிரியும் தவறும்.

எளிய வடிவங்களில் இம்முறை நன்றாகவே ஓடுகிறது. 1956இல் புனேயில் பதிவாகி, இன்று நாடெங்கும் வயல் வரப்புகளில் மண்டிக்கிடக்கும் பார்த்தீனியம் இதற்குச் சான்று. அதிலுள்ள பார்த்தீனினின் லாக்டோன் வளையத்தை ஒட்டிய இரட்டைப் பிணைப்பு புரதத்தைப் பிடிக்கத் தயாராகக் காத்திருப்பது படத்தைப் பார்த்தாலே தெரியும். சிக்கல் மாம்பாலில் வருகிறது. சேங்கொட்டையிலுள்ள கேட்டகால் வகைப் பொருள் காற்றிலோ தோலிலோ ஆக்சிஜனேற்றம் அடைந்து குயினோனாகும். அந்தக் குயினோன்தான் புரதத்தைப் பிடிக்கிறது. மாம்பாலின் ரிசார்சினாலில் இரண்டு ஹைட்ராக்சில் தொகுதிகளும் ஓர் இடம் தள்ளி இருப்பதால் அது அப்படி எளிதில் குயினோனாவதில்லை. தோலுக்குள் வேறு மாற்றம் நடந்த பிறகே வினைபுரிகிறது என்று கருதப்படுகிறது. வாலில்லாத சாதாரண ரிசார்சினாலைக் கினிப்பன்றிச் சோதனை ஒவ்வாமைப் பொருள் இல்லை என்றது; சுண்டெலியில் செய்த மறுசோதனை, 2007இல், ஆம் என்றது. பல்கேரியாவின் புர்காஸ் நகரில் உருவான டைம்ஸ் மாதிரி தோலில் நடக்கும் வளர்சிதை மாற்றத்தையும் சேர்த்துப் போலச்செய்வது இத்தகைய பொருள்களுக்காகவே.

சட்டமும் நெருக்கியது. விலங்குகளில் சோதித்த அழகுப்பொருள்களின் விற்பனையை ஐரோப்பிய ஒன்றியம் 2013 மார்ச்சில் முழுமையாகத் தடைசெய்தது. இந்தியா 2014இல் அழகுப்பொருள்களுக்கான விலங்குச் சோதனையை நிறுத்தி, அதே ஆண்டில் அப்படிச் சோதித்தவற்றின் இறக்குமதியையும் தடுத்தது. ஓஇசிடி 2012இல் ஒவ்வாமை உருவாகும் படிகளை வரிசைப்படுத்தியது. புரதப் பிணைப்பு, தோல் செல்களின் எதிர்வினை, நோயெதிர்ப்புச் செல்களின் விழிப்பு ஆகியவற்றைச் சோதனைக்குழாயில் அளக்கும் வழிகாட்டுதல்கள் 2015இலும் 2016இலும் வந்தன. 2021இல் வெளியான 497ஆம் வழிகாட்டுதலில் கணினிக்கும் முறையான இடம் கிடைத்தது. அதில் உள்ள ஒரு திட்டத்தில், இரண்டு ஆய்வுக்கூடச் சோதனைகளின் மதிப்பெண்ணோடு டெரெக் அல்லது ஓஇசிடியின் கருவிப்பெட்டி என்ற மென்பொருள் தரும் மதிப்பெண்ணைக் கூட்டி முடிவு செய்கிறார்கள். கணினி தனியாகத் தீர்ப்புச் சொல்வதில்லை.

ஒவ்வொரு மாதிரியும் எந்த வகைப் பொருளுக்குச் செல்லும் என்ற எல்லையை அறிவிக்க வேண்டும் என்பது ஓஇசிடியில் 2004இல் ஏற்கப்பட்ட விதிகளில் ஒன்று. உலோகங்கள் பெரும்பாலும் அந்த எல்லைக்கு வெளியே நிற்கின்றன. பங்காருபாளையத்துக்குத் தெற்கே ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடியில் தோல் பதனிடப் பயன்படும் குரோமியம் அவற்றில் ஒன்று. ஆறு இணைதிறன் குரோமியம் தோலைத் துளைத்து உள்ளே போய், மூன்று இணைதிறனுக்கு மாறிப் புரதத்தைப் பற்றுகிறது; கார்பன் மூலக்கூறுகளுக்காக எழுதிய விதிகள் இங்கே செல்லாது. பல பொருள்கள் கலந்த மாம்பாலும் அப்படியே மொத்தமாகக் கணினிக்குள் போவதில்லை. அதிலுள்ள பொருள்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் கேட்க வேண்டும்.