குறைத்து வரைதல்: திருச்சிச் சுவர்களில் திரைப்பட விளம்பரம்

நன்கு அறியப்பட்ட ஒரு திரைப்படத்தை, நடிகரின் முகமோ காட்சியோ இன்றி, ஒரே ஒரு பொருளைக் கொண்டும் ஓரிரு நிறங்களைக் கொண்டும் நினைவூட்டும் சுவரொட்டியை இன்றைய வடிவமைப்பாளர்கள் ‘மினிமல் போஸ்டர்’ என்கின்றனர். அமெரிக்காவில் வடிவமைப்பாளர் சால் பாஸ் 1955-இல் ‘தி மேன் வித் த கோல்டன் ஆர்ம்’ படத்துக்காகக் காகிதத்தில் வெட்டியெடுத்தது போன்ற வளைந்த கரிய கையொன்றை வரைந்ததும், விளம்பர நிறுவனத்தில் ஓவியராகப் பணியாற்றி இயக்குநரான சத்யஜித் ராய் கல்கத்தாவில் தம் படங்களின் சுவரொட்டிகளைத் தாமே வடிவமைத்ததும் இதன் முன்னோடி முயற்சிகள். தமிழகத்துக்கு இம்முறை இணையத்தோடு வந்து சேர்ந்தது என்பது பொதுவான கருத்து. ஆனால் திருச்சிராப்பள்ளி, ஸ்ரீரங்கம் பகுதியின் விளம்பர வரலாற்றை நோக்கினால், சுவரொட்டியில் எவ்வளவு வரைய வேண்டும் என்பதை அழகுணர்ச்சியைக் காட்டிலும், பார்ப்பவருக்கு முன்பே எவ்வளவு தெரியும் என்பதே தீர்மானித்து வந்திருப்பது புலனாகும்.

திருச்சியில் தென்னிந்திய ரயில்வேயின் ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-இல் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியையும் ஏசுநாதரின் வாழ்க்கை பற்றியது உள்ளிட்ட சில மௌனப் படச் சுருள்களையும் விலைக்கு வாங்கி, கூடாரமடித்து ஊர் ஊராகக் காட்டத் தொடங்கினார். சினிமா என்பதே இன்னதென்று அறியாத மக்களை அழைப்பதற்கு ஒரு சித்திரமும் ஒரு சொல்லும் போதா. ஆகவே அக்காலத்துத் துண்டறிக்கைகள் கதையையும் கருவியின் அதிசயத்தையும் கட்டண விவரத்தையும் இடைவெளியின்றி விவரிக்கும் நெடிய உரைகளாக இருந்தன. படிக்கத் தெரியாதவர்களுக்காகத் தமுக்கும், மூங்கில் சட்டத்தில் தாள் ஒட்டிய ‘தட்டி’களைச் சுமந்த வண்டியும் தெருத் தெருவாகச் சென்றன.

இந்த நீளம் குறைவதற்கு நட்சத்திரங்கள் தோன்ற வேண்டியிருந்தது. நாடகக் குழு நடத்திய எஃப்.ஜி. நடேச ஐயரின் ஆதரவில் சிறுவனாக நாடக மேடையேறி, திருச்சியையே தம் ஊராக்கிக்கொண்ட எம்.கே. தியாகராஜ பாகவதர், 1934-இல் ‘பவளக்கொடி’யில் திரைக்கு வந்தார்; 1944-இல் வெளியான அவருடைய ‘ஹரிதாஸ்’ சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. அவர் பெயரைப் பெரிய எழுத்தில் அச்சிட்டாலே கூட்டம் சேரும் என்ற நிலை உருவானதோடு, தோள்வரை புரளும் அவருடைய தலைமுடி ‘பாகவதர் கிராப்பு’ என்று தனிப்பெயரும் பெற்றது. கண்ணும் மூக்கும் வரையாமல் முடியின் புறக்கோட்டை மட்டும் வரைந்தாலும் ஆளை அடையாளம் காட்டும் முதல் தமிழ்த் திரை உருவம் அநேகமாக அதுவே.

சிக்கனத்துக்கு அச்சுக்கூடமும் ஒரு காரணம். ஈய எழுத்துகளையும், பெரிய அளவுக்கு மர எழுத்துகளையும் கையால் கோத்து அச்சிட்ட உள்ளூர் அச்சகங்களில் படம் சேர்க்க வேண்டுமானால் துத்தநாகத் தகட்டில் ‘பிளாக்’ செய்தாக வேண்டும். அதற்குச் செலவு அதிகம். எனவே மெல்லிய நிறத் தாளில் ஒரே மையில் எழுத்து மட்டும் அச்சிடப்பட்டது. பல வண்ணச் சுவரொட்டிகள் வெளியூரிலிருந்து வரத் தொடங்கிய பின்னும் இவ்வழக்கம் மறையவில்லை: கெயிட்டி, பிரபாத் போன்ற அரங்குகளின் பெயரும் காட்சி நேரமும் உள்ளூரில் தனியாக அச்சிட்டு அடியில் ஒட்டப்பட்டன. இரண்டாவது வாரம் பிறந்தாலும் ஐம்பதாவது நாளை எட்டினாலும் முழுச் சுவரொட்டியை மாற்றுவதில்லை. மைதாப் பசை வாளியோடு இரவில் புறப்படும் பணியாளர், பழைய சுவரொட்டியின் குறுக்கே சாய்வாக ஒரு துண்டுத் தாளை ஒட்டிச் செல்வார். அவற்றுள் ‘இன்றே இப்படம் கடைசி’ என்ற துண்டு, மூன்று சொற்களில் அவசரத்தையும் இழப்பையும் உணர்த்தியதால், எந்த வண்ண ஓவியத்தையும்விட வலுவாக வேலை செய்தது எனலாம். (மறுநாள் காலையில் பசையின் சுவைக்காக மாடுகள் அதைத் தின்றுவிட்டிருந்தால் அது வேறு விஷயம்.)

இதற்கு நேர் எதிர்த் திசையில் சென்றது சிவகாசி. தீப்பெட்டி லேபிள்களுக்காக வளர்ந்த அவ்வூர் லித்தோ அச்சகங்கள், அதாவது கல்லிலோ உலோகத் தகட்டிலோ வரைந்து ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியே பதிக்கும் அச்சகங்கள், பல தாள்களை இணைத்து ஒட்டும் பெரிய சுவரொட்டிகளைத் தந்தன. நிறம் மலிவாகக் கிடைத்ததும் முகங்கள் பெருகின. நாயகன், நாயகி, வில்லன், நகைச்சுவை நடிகர், சண்டைக் காட்சி எல்லாம் ஒரே தாளில் நெருக்கியடித்து நின்றன.

அக்காலத்திலேயே சின்னங்களும் சுவரைப் பிடித்தன. திராவிட முன்னேற்றக் கழகம் தேர்தலில் போட்டியிடுவதென 1956-இல் திருச்சி மாநாட்டில் முடிவெடுத்தபின், இரு மலைகளுக்கிடையே எழும் சூரியன் கட்சியையே குறிக்கும் வரைபடமாயிற்று. 1958-இல் ‘நாடோடி மன்னன்’ எடுத்த எம்.ஜி.ஆரின் நிறுவனச் சின்னமோ, ஓர் ஆணும் பெண்ணும் அக்கட்சியின் கொடியை ஏந்தி நிற்பதாக அமைந்தது. சங்கு, சக்கரம், திருமண் ஆகிய மூன்றைக் கண்டதும் பெருமாளை உணரும் ஸ்ரீரங்கத்தாருக்கு இத்தகைய சுருக்க மொழி புதிதன்று. ஸ்ரீரங்கத்தில் வளர்ந்து, சென்னை ஓவியப் பள்ளியில் சிறிது காலம் பயின்று, பின்னர் பாடலாசிரியரான வாலியின் புனைபெயர், சில கோடுகளிலேயே ஆளைப் பிடித்துவிடும் ஆனந்த விகடன் ஓவியர் மாலியின் பெயரை அடியொற்றியது என்பதும் இங்குக் குறிக்கத் தக்கது.

முகமில்லாச் சுவரொட்டிக்கு வேறொரு வழியும் உண்டு. போலந்தில் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு திரைப்பட விநியோகம் அரசின் கையில் இருந்தது. நட்சத்திர முகத்தைக் காட்டிச் சீட்டு விற்க வேண்டிய நெருக்கடி இல்லாததால், அந்நாட்டு ஓவியர்கள் படத்தின் பொருளை உருவகமாக வரைய முடிந்தது. தமிழக அரங்குகளுக்கு அந்த வசதி ஒருநாளும் வாய்த்ததில்லை. இங்கு மினிமல் போஸ்டர் என்பது படம் ஓடி முடிந்து, ஊரே அதை மனப்பாடம் செய்தபின் ரசிகர் வரைவது; 1995-இல் வந்த ‘பாட்ஷா’வுக்கு மஞ்சள் ஆட்டோ போதும், எம்.ஜி.ஆருக்குத் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போதும், ஆனால் அவற்றை முன்பே பாராதவருக்கு அவை வெறும் ஆட்டோவும் வெறும் தொப்பியுமே. தயாரிப்பாளர்களும் இதை அறிந்தே நடக்கின்றனர்: கைபேசியில் வெளியிடும் முதல் பார்வைப் படத்தைப் பல வேளைகளில் ஒற்றைப் பொருளோடு நிறுத்திக்கொண்டு, வெளியீட்டு நாள் நெருங்கும்போது திருச்சிச் சுவர்களுக்கு முகங்கள் நிறைந்த சுவரொட்டியையே அனுப்பிவைக்கின்றனர்.