மலைமேல் ஒரு வேளைச் சோறு: திருமலையில் பங்கும் பந்தியும்

கூட்டம் குறைந்த ஒரு நாளில் விடியுமுன் அலிபிரியில் படியேறத் தொடங்கும் குடும்பம், மலையை அடைந்து தரிசனம் முடித்து, அன்னப்பிரசாதக் கூடத்தில் பந்தியில் அமர்ந்து உண்டு, லட்டுப் பையுடன் பேருந்தில் இருட்டுமுன் கீழே இறங்கிவிடலாம். ஏறத்தாழ 3,550 படிகள், ஒரு வேளைச் சோறு, ஒரே நாளில் வீடு. தலைமுறை தலைமுறையாக நடந்துவருவது போலத் தோன்றும் இந்தப் பயணத்தில் பழமையானது நடை ஒன்றே. அன்றே திரும்புவதற்கு வயது நூறுகூட ஆகவில்லை. யார் வந்தாலும் பந்தியில் இடம் என்பது அதனினும் புதியது.

திருமலையில் உணவின் வரலாற்றை அறியக் கல்வெட்டுகளே முதற்சான்று. தேவஸ்தானம் ஆறு தொகுதிகளாக வெளியிட்ட அக்கல்வெட்டுகளில் மிகப் பெரும்பாலானவை தமிழ்க் கல்வெட்டுகள். பல்லவர் குடியைச் சேர்ந்த சாமவை 966ஆம் ஆண்டில் வெள்ளித் திருமேனி ஒன்றை எழுந்தருளச் செய்து, நாள்தோறும் திருவமுதுக்கும் நந்தாவிளக்குக்கும் நிலம் வழங்கினார். தொடக்கத்தில் எளிமையாக இருந்த இந்தப் படையல், விசயநகரக் காலத்தில் விரிந்த அடுக்களையாகிவிடுகிறது. திருப்போனகம், அப்பப்படி, அதிரசப்படி, வடைப்படி, சுகியன்படி, மனோகரப்படி, திருக்கணாமடை எனப் படையல்கள் பெருகுகின்றன. ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு அரிசி, நெய், வெல்லம், மிளகு என்று அளவு குறிக்கப்படுகிறது. அளக்கும் மரக்காலுக்கும் இறைவன் பெயரையொட்டி மலைகினியநின்றான் என்றே பெயர்.

இக்கல்வெட்டுகளைச் சமையற் குறிப்புகளாக மட்டும் படிப்போர் அவற்றின் பின்பகுதியைத் தவறவிடுவர். படைத்த உணவு யார் யாருக்கு எந்த அளவில் சேர வேண்டும் என்பது அங்கேதான் வரையறுக்கப்படுகிறது. கட்டளை ஏற்படுத்தியவருக்குப் பிரசாதத்தில் நான்கில் ஒரு பங்கு உரியது. அதன் பெயர் ‘விட்டவன் விழுக்காடு’. எஞ்சியது தானத்தாருக்கும் பல்வேறு பணிசெய்வோருக்கும் முறைப்படி பிரிந்தது. விழுக்காடு வழிவழியாக இறங்கிய உரிமை. அதைப் பிறருக்கு எழுதி வைக்கலாம், விற்கவும் செய்யலாம். அதாவது, மலைமேல் சமைக்கப்பட்ட ஒவ்வொரு பானைச் சோற்றுக்கும் அடுப்பேறுமுன்பே உரிமையாளர் இருந்தனர்.

அந்தப் பானைக்கான அரிசி எங்கிருந்து வந்தது? பர்ட்டன் ஸ்டெயின் 1960இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இக்கேள்வியைத்தான் பின்தொடர்ந்தது. அடியார்கள் கொடுத்த பொன்னைக் கோயில் பெட்டியில் பூட்டி வைக்கவில்லை. தன் சிற்றூர்களில் ஏரி வெட்டவும் கால்வாய் தோண்டவும் அதை முதலாக இட்டது. நீர் பாய்ந்து கூடுதலாக விளைந்த நெல்லே கட்டளைக்குரிய படையலானது. அவ்வகையில் மலைமேல் படைத்த ஓர் அதிரசத்தின் பின்னால் சமவெளியில் ஓர் ஏரிக்கரையும் அதில் மண் சுமந்தவர்களும் இருந்தனர். பொன் கொடுத்தவர் பெயர் கல்லில் நின்றது. மண் சுமந்தவர்க்கு விழுக்காடு இல்லை.

அரச குடும்பத்தின் வருகையையும் இப்பின்னணியில் வைத்துக் காண வேண்டும். கிருஷ்ணதேவராயர் 1513 பிப்ரவரி 10 அன்று முதன்முறையாகத் திருமலைக்கு வந்தார். 1521 வரை ஏழு முறை வந்தார். முதல் வருகையின்போது தேவியர் சின்னாதேவியும் திருமலாதேவியும் இறைவனுக்குப் பால் அமுது செய்யப் பொற்கிண்ணங்கள் அளித்தனர். மூவரின் செப்புத் திருவுருவங்கள் இன்றும் கோயிலினுள் நிற்கின்றன. வந்ததும் வழங்கியதும் கல்லில் ஏறிய குடும்பப் பயணம் அது. அதே மலையில் நடந்து வந்த எளிய குடும்பம் என்ன உண்டது என்று எந்தக் கல்லும் பேசவில்லை.

வழிப்போக்கருக்கு உணவே இல்லை என்பதன்று. 15ஆம் நூற்றாண்டில் சாளுவ நரசிம்மர் காலத்தில் திருமலையிலும் திருப்பதியிலும் இராமானுசகூடங்கள் இயங்கின. அவற்றைக் கந்தாடை இராமானுச ஐயங்கார் நிருவகித்தார். கொடையாளர் சிலர் தம் விழுக்காட்டையே அக்கூடங்களுக்கு எழுதி வைத்தனர். ஆனால் அங்கு அமர்ந்து உண்டவர்கள் ஸ்ரீவைணவர்கள். பசி மட்டும் அங்கே போதிய தகுதி ஆகவில்லை. சித்தூர்ப் பகுதியிலுள்ள தரிகொண்டாவில் பிறந்து, கைம்பெண்ணுக்குரிய கட்டுப்பாடுகளை மீறித் திருமலையில் வாழ்ந்த கவிஞர் வெங்கமாம்பா (1730–1817) அங்கு அன்னதானத்தைத் தொடங்கினார் என்பது மரபு. அதற்கு முன்பே இராமானுசகூடங்கள் இருந்தன என்று கல்வெட்டைக் காட்டி அம்மரபை மறுப்பது எளிது. ஆயினும் அவரை முதல்வராக மக்கள் நினைவு வைத்திருப்பதில் ஒரு பொருள் உண்டு. பங்குரிமை பெற்ற ஆண்களின் பட்டியலில் இடமில்லாத ஒருத்தியின் பெயரோடு ஊர்ச்சோற்றை இணைத்துப் பார்க்க அந்நினைவு விரும்பியிருக்கிறது.

உணவைப் போலவே வழியும் எல்லார்க்கும் திறந்ததாக இருக்கவில்லை. 1801 முதல் கம்பெனி கோயில் வருவாயைப் பெற்றது. 1843இல் நிருவாகத்தை ஹாத்திராம்ஜி மடத்து மகந்துகளிடம் ஒப்படைத்தது. ஆனால் வருவாய் வாங்கிய கம்பெனியாருக்கே மலை விலக்கப்பட்ட இடம். 1870 வரை இந்துக்கள் அல்லாதார் மலையேறியதில்லை என்றே ஆங்கிலேயர் பதிவுகள் சொல்கின்றன. அந்நூற்றாண்டின் பிற்பாதியில், மதனப்பள்ளிக்கு அருகே ஏனுகு மல்லம்ம கொண்டா என்னும் குளிர்ந்த மலையில் கடப்பை ஆட்சியர் ஹார்ஸ்லி கோடை மாளிகை கட்டினார். மலை அவர் பெயராலேயே ஹார்ஸ்லி ஹில்ஸ் ஆயிற்று. 1911இல் உருவான சித்தூர் மாவட்டத்தில் இவ்விரு மலைகளும் இடம்பெற்றன. ஒன்று வழிபாட்டுக்கு, மற்றொன்று ஓய்வுக்கு. இரண்டிலும் யார் ஏறலாம், யார் அமர்ந்து உண்ணலாம் என்பதைப் பிறப்பும் பதவியுமே முடிவு செய்தன.

மாற்றம் 20ஆம் நூற்றாண்டில் அடுத்தடுத்து வந்தது. 1932ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மகந்துகள் ஆட்சி முடிந்து தேவஸ்தானக் குழு அமைந்தது. 1944இல் முதல் மலைப்பாதை திறக்கப்பட்டது. அதற்கு முன் முதியோரும் குழந்தைகளும் நோயாளிகளும் மேலே போக டோலியே துணை. டோலிக்குக் கூலி கொடுக்க இயலாதவர்க்குக் கால்கள்தாம். சாலை வந்த பின்னரே மூன்று தலைமுறையும் சேர்ந்து ஒரே நாளில் போய்வரும் பயணம் பொதுமக்கள் பழக்கமாயிற்று. மூன்றாண்டுகளில், 1947ஆம் ஆண்டுச் சென்னை மாகாண ஆலய நுழைவுச் சட்டம், பிறப்பைக் காட்டித் தடுக்கப்பட்ட குடும்பங்களுக்கும் கோயில் வாயிலைத் திறந்தது. வழியைச் சாலை திறந்தது, வாயிலைச் சட்டம் திறந்தது. அடுக்களை இன்னும் திறக்கவில்லை.

1985 ஏப்ரலில் என்.டி.ராமராவ் முதலமைச்சராக இருந்தபோது, நாளொன்றுக்கு 2,000 பேருக்கு உணவு என்ற அளவில் நித்திய அன்னதானத் திட்டம் தொடங்கியது. வந்தவர் என்பதே இங்குத் தகுதி. 1987இல் ஆந்திர அரசு இயற்றிய சட்டம் அர்ச்சகர் முதலானோரின் மிராசு உரிமைகளை ஒழித்தது. பிரசாதத்தில் பரம்பரைப் பங்கும் அவ்வுரிமைகளோடு பிணைந்திருந்தது. 1996இல் உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தை உறுதி செய்தது. கல்லில் வெட்டிய பங்குமுறையின் கடைசி இழை அறுந்தது அப்போதுதான். 2011இல் திறந்த புதிய அன்னப்பிரசாத மாளிகைக்கு வெங்கமாம்பாவின் பெயரையே சூட்டினார்கள்.

இவ்வரிசையை நேர்க்கோட்டு முன்னேற்றமாகக் கொண்டுவிடவும் கூடாது. பங்குமுறை ஏரி வெட்டியது. படையலுக்கும் பாசனத்துக்கும் இடையே கண்ணுக்குத் தெரியும் ஓர் உறவு அன்று இருந்தது. இன்றைய அன்னதானம் அறக்கட்டளையின் வைப்புநிதியில் நடக்கிறது. சோறு எல்லார்க்கும் கிடைக்கிறது, ஆனால் அந்நெல் எந்த ஊரில் எவர் நீரில் விளைந்தது என்பதை எந்தப் பலகையும் சொல்வதில்லை. விட்டவன் பெயரோடு விளைந்த ஊரின் பெயரையும் பழைய கல்வெட்டு எழுதி வைத்தது. பந்தியை விரித்த காலம், அந்த ஊர்ப்பெயரை எழுதும் வழக்கத்தைக் கைவிட்டது. திருமலை உணவின் வரலாற்றை எழுத முனையும் மாணவர், மேலே விரித்த இலையில் தொடங்கினாலும் கீழே உள்ள ஏரிக்கரைவரை இறங்கி நடந்தாக வேண்டும்.